செண்பகவல்லி படித்த நோய்கள்

மூன்றாம் வருஷத்து ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாணவியர் விடுதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மஞ்சள் காமாலை பாடத்தை முதன்முதலாகப் படித்துக்கொண்டிருந்தபோது செண்பகவல்லிக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்தது என்றால் லேசாக, சந்தேகத்துக்கு இடமாக, வெயில் பட்டதில் அப்படித் தெரிகிறதோ என்று நினைக்கிற மாதிரி இல்லை, கண் வெள்ளை பழுத்த மாம்பழ நிறமாகி, நாக்கின் அடி மஞ்சளாகி, உள்ளங்கை மஞ்சளாகி, கல்லீரல் விலாவுக்குக் கீழே மூன்று விரல் அளவு இறங்கி, பாடத்தில் எத்தனை வரி இருந்ததோ அத்தனையும் ஒன்று விடாமல் அவள் உடம்பில் வந்து நின்றது. பக்கத்தைத் திருப்பினாள், போய்விட்டது. அடுத்த பக்கம் ரத்தசோகை. நகமெல்லாம் வெளுத்து, படியிறங்கினால் மூச்சு வாங்கும்போலிருந்தது.

துணி காயப்போட வந்த அறைத்தோழி ஜெனோவா இரண்டையும் பார்த்தாள். கடற்கரை ஊர்க்காரி, எதற்கும் அசராதவள், கையிலிருந்த ஈரத் துப்பட்டாவை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "ஏட்டி, திருப்பாத, பழைய பக்கத்துக்கே போ. மூணு வருஷமா நான் ஒரு கல்லீரலக்கூட ஒழுங்காத் தொட்டுப் பாத்ததில்ல."

செண்பகவல்லி பழைய பக்கத்துக்குப் போனாள். ஜெனோவா தொட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், மூச்சை இழு என்றாள், விடு என்றாள், கடைசியில் "அடப்பாவி, இதுதானா அது!" என்று சந்தோஷத்தில் கத்தினாள். அதிசயம் நடந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதை வைத்துக்கொண்டு மனுஷர்கள் செய்த கூத்துதான் கதை.

ஒரே வாரத்தில் விடுதி முழுக்கத் தெரிந்துபோனது. குளியலறைக்கு வரிசை நிற்கிற மாதிரி அவள் அறைக்கும் வரிசை நின்றது. மண்ணீரல் பார்க்க வேண்டியவர்கள் காலையில், நுரையீரல் பார்க்க வேண்டியவர்கள் சாயங்காலம் என்று கதவில் சீட்டு ஒட்டினார்கள். ஏன் இப்படி ஆகிறது என்று ஒருத்தராவது மண்டையைக் குடைந்துகொண்டார்களா என்றால், இல்லை. மெஸ் தண்ணீர் சரியில்லை என்றாள் ஒருத்தி, அதோடு ஆராய்ச்சி முடிந்தது. விடுதி வார்டன் அம்மாள் மட்டும் பொறுப்பானவள் என்பதால் அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டாள்: தொற்றுநோய்ப் பாடங்களைச் செண்பகவல்லி சாப்பாட்டு அறையில் வைத்துப் படிக்கக் கூடாது, வயிற்றுப்போக்குப் பாடத்தைத் தண்ணீர் வராத நாளில் படிக்கவே கூடாது. ஊரில் இருக்கிற அம்மா வெள்ளைத்தாய்க்குப் போன் போட்டுச் சொன்னபோது அவளும் பதறவில்லை. "சின்னதுலயே நீ அப்படித்தான பிள்ளே, எதப் படிச்சாலும் முழுசாப் படிப்ப" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

இந்தச் செய்தி பொது மருத்துவத் துறைத் தலைவர் டாக்டர் குணசீலன் காதுக்குப் போனபோது அவர் எழுந்து நின்று ஜன்னலைத் திறந்து பெருமூச்சு விட்டாராம். அவர் கஷ்டம் அவருக்கு. நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு நோய்க்கும் ஓர் ஆளைக் காட்ட வேண்டும், நல்ல வீங்கிய மண்ணீரலாகப் பார்த்து ஓர் ஆளைப் பிடித்துக் கட்டிலில் போட்டால் பாடம் எடுப்பதற்குள் அந்த ஆள் குணமாகித் தொலைவான், இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவான். இப்போது எல்லா நோயும் ஒரே உடம்பில், கேட்ட நேரத்தில், பக்க எண்ணைச் சொன்னால் போதும். பெண்கள் வார்டில் பதினோராம் கட்டிலை அவள் பேருக்கு ஒதுக்கினார், அட்மிஷன் பதிவேட்டில் பேரை ஏற்றினார், கேஸ் ஷீட் போட்டார், நோய் என்கிற இடத்தில் மட்டும் "தினம் மாறும்" என்று எழுதச் சொன்னார்.

திங்கள் இதயம், செவ்வாய் நுரையீரல், புதன் வயிறு, வியாழன் நரம்பு, வெள்ளி மற்றவை. வார்டு ஆயா ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், குணசீலன் சார் விரலைச் சொடுக்கினால் பக்கத்தைத் திருப்புவாள், பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராக வந்து நாடி பிடிப்பார்கள், நகத்தை அழுத்துவார்கள், ஸ்டெத்தை வைப்பார்கள், சுத்தியலால் முட்டியைத் தட்டுவார்கள், நன்றி என்றுகூடச் சொல்லாமல் டீ குடிக்கப் போவார்கள். ஒருநாள் புத்தகத்தில் யாரோ மெஸ் உப்புமாவைச் சிந்தி இரண்டு தாள் ஒட்டிப்போயிருந்ததில், இதய வால்வுப் பாடத்தின் மேல்பாதியும் தைராய்டுப் பாடத்தின் கீழ்பாதியும் சேர்ந்து உலகத்தில் இல்லாத ஒரு நோய் அவளுக்கு வந்தது. மூன்று நாள் துறையே வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்தது, மூன்று பேராசிரியர்கள் அதற்குத் தங்கள் பேரை வைக்கச் சண்டை போட்டார்கள், ஒருத்தர் கட்டுரைகூட எழுதி அனுப்பிவிட்டார். நாலாம் நாள் ஆயா எச்சில் தொட்டுத் தாளைப் பிரித்தாள், நோய் போய்விட்டது. அந்த ஆயாவிடம் ஒரு மாதத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதில் செண்பகவல்லி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அதை நீங்களாவது கேட்கிறீர்களே, நல்லாயிருங்கள். புத்தகத்தில் இல்லாத சங்கதிகள் ஆயிரம் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தன. மூச்சு முட்டுகிற நோயில் முதலில் வருவது பயம் இல்லை, பக்கத்தில் நிம்மதியாக மூச்சு விடுகிறவன் மேல் கோபம். சிறுநீரகம் கெட்டால் வாயில் வருகிற ருசி ஆணியை நக்கிய ருசி. இதய நோயில் படுத்தால் மூச்சடைக்கும், உட்கார்ந்தால் கால் வீங்கும், இரண்டுக்கும் நடுவில் எப்படி இருப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருநாள் வகுப்பு நடுவில் கையைத் தூக்கி, "சார், இது எப்படி இருக்குன்னா..." என்று ஆரம்பித்தாள்.

குணசீலன் சார் புருவத்தைத் தூக்கினார். "கேஸ் பேசக் கூடாதும்மா. பிள்ளைங்க கவனம் கெடும்."

அவள் கையை இறக்கிக்கொண்டாள். அழுகையாக வந்தது, ஆனால் அன்றைக்கு முகவாதப் பாடம், ஒரு கண் மட்டும்தான் ஒழுங்காக மூடியது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனாள். பாறைப்பட்டியில் அவளுக்கு ஸீட் கிடைத்த அன்றைக்கே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்து, பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு, கழுத்தில் ஸ்டெத்தையும் ஒட்டவைத்துவிட்டார்கள், பாஸாவதெல்லாம் அப்புறம். வீட்டுக்குள் நுழையுமுன் தெரு கூடிவிட்டது. தங்களுக்கு மருந்து கேட்பார்கள் என்று நினைத்தாள், அவர்கள் கேட்டது வேறு. "என் முட்டுவலிய நீ கொஞ்சம் படிச்சுக் காட்டு தாயி, எம் மருமவ நம்ப மாட்டேங்கா" என்றாள் ஒருத்தி. "சர்க்கரைய எம் பயலுக்குக் காமி, அப்பவாவது அந்தச் சவம் மிட்டாய விடுதானான்னு பாப்போம்" என்றார் டீக்கடைக்காரர். நாலு நாள் லீவில் அவள் தெருவுக்கே நோய்க் கண்காட்சி நடத்தினாள். அப்பா சுடலைமுத்து வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டார், அம்மா காபி போட்டாள், இரண்டு பேருக்கும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை அம்மா என்று எந்த வாயால் சொல்வது. பொங்கல் பானை பொங்கியபோது அவள் மூட்டுவாதத்தில் இருந்தாள், கரண்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

கடைசி வருஷப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கப் போன அன்றைக்குத்தான் இடி விழுந்தது. வார்டு வருகை போதாது என்றார் கிளார்க். தினமும் வார்டில்தானே இருந்தேன் என்றாள். இருந்தீர்கள், நோயாளிப் பதிவேட்டில் ஒருநாள் விடாமல் இருக்கிறீர்கள், மாணவர் பதிவேட்டில் ஒருநாள்கூட இல்லை என்றார் கிளார்க், இரண்டு நோட்டையும் விரித்து வைத்து, மரியாதையாகவே. குணசீலன் சாரிடம் ஓடினாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து அவள் தலையைத் தடவினார்.

"ஆறு மாசத்துல அடுத்த பரீட்சை. எழுதிக்கலாம்மா. நீ பாட்டுக்குப் பாஸாகிப் போயிட்டா நான் கேஸுக்கு எங்க போவேன் சொல்லு. கல்லூரிக்கு நீ செய்யுற சேவை இது."

அவள் வகுப்பில் நூற்றுநாற்பத்தொன்பது பேரும் அந்தப் பரீட்சை எழுதினார்கள், அதில் பாதிப் பேருக்கு அவள்தான் கேஸ், எல்லாரும் பாஸ். வேறெங்கும் நடக்காத சாதனை என்று வாசலில் பேனர் கட்டினார்கள். ஜெனோவா ஹவுஸ் சர்ஜன் ஆனாள். வெள்ளைக் கோட்டோடு பதினோராம் கட்டிலுக்கு வந்து செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் பாஸாயிருக்கவே மாட்டேன்டி" என்று நெஞ்சாரச் சொன்னாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் தன்னால் நகர்ந்து நாடி பார்க்க ஆரம்பித்தது. பிறகு அவளை வேறு வார்டுக்குக் கூப்பிட்டார்கள், ஓடிப்போனாள்.

அதற்கப்புறம்தான் செண்பகவல்லிக்கு அது வந்தது. எது என்றால், அதுதான் தெரியவில்லை. புத்தகத்தை மூடியிருந்தபோது வந்தது, திறந்தபோதும் போகவில்லை. காலையில் எழுந்தால் கால் தரையில் ஊன்ற மாட்டேன் என்றது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. மெஸ்ஸில் இட்லியைப் பார்த்தால் அழுகை, அடுத்தவள் தட்டில் இட்லி இல்லாததைப் பார்த்தாலும் அழுகை. பிடித்த நிறம் எது என்று ஒருத்தி பேச்சுவாக்கில் கேட்டதற்கு அரைமணி நேரம் யோசித்தும் பதில் வரவில்லை.

துறை கூடியது. எல்லாரும் அவளைச் சுற்றி நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "எந்தப் பக்கம்?" எந்தப் பக்கமும் இல்லை சார் என்றாள். அப்படி இருக்க முடியாதே என்றார் குணசீலன் சார். பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார், குழு நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு முன்னால் புரட்டியது. அப்போது இன்னொன்றும் நடந்தது. படித்த நோய்கள் வரவர மங்கலாக வந்தன. மஞ்சள் காமாலை வெளிறிய மஞ்சளாக வந்தது, பிறகு சந்தேக மஞ்சளாக, பிறகு வரவே இல்லை. உடம்பு மாட்டேன் என்றுவிட்டது. இதயப் பாடத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தாள், இதயம் தன் பாட்டுக்கு லப்டப் என்று சும்மா அடித்தது. அடுத்த பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள், காட்ட ஒரு கேஸ் இல்லை. குணசீலன் சார் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இசக்கியக்கா வந்தாள், சண்டை போட.

இசக்கியக்காவைத் தெரியாமல் அந்த மாவட்டத்தில் டாக்டர் கிடையாது. நாற்பத்தெட்டு வயது, பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கட்டி விற்கிறவள், இதய வால்வு ஒன்று சுருங்கிப்போனவள், அந்த வால்வில் ரத்தம் போகிற சத்தம் அப்பேர்ப்பட்ட சத்தம், காது மந்தமானவனுக்கும் கேட்கும். பதினெட்டு வருஷமாக எந்தப் பரீட்சையானாலும் அவள்தான் இதய கேஸ். ஜாக்கெட்டும் புதுசு, கொண்டையில் பூவும் புதுசு என்று வந்து கட்டிலில் படுப்பாள். பயந்து வேர்த்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது, "மைட்ரல் ஸ்டெனோசிஸ்னு சொல்லு மக்கா, பின்னால உள்ள கெழவன் துடிப்பு தாறுமாறா ஓடுதா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கான்னு கேப்பான், இல்லைன்னு சொல்லு" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொடுப்பாள். அவளைப் போலவே மண்ணீரல்காரர் ஒருத்தர், கழுத்துக் கழலை அம்மாள் ஒருத்தி, கல்லீரல்காரர் இருவர். செண்பகவல்லி வந்த நாளிலிருந்து ஒருத்தரையும் யாரும் கூப்பிடவில்லை.

"நீதானா அது?" என்று கட்டில் ஓரத்தில் நின்று கேட்டாள் இசக்கியக்கா. மாடி ஏறி வந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "ஏட்டி, ஒனக்கு என்ன கேடு? படிக்க வந்தா படிச்சிட்டுப் போவியா, இல்ல இருக்கிறவ பொழப்புல மண்ண அள்ளிப் போடுவியா? நாங்கள்லாம் நெசமாவே நோவு வந்து நோயாளியானவங்கட்டி. ஒன்ன மாதிரி பொஸ்தவத்தப் பாத்து ஆனவங்க இல்ல."

"நானா அக்கா ஆசப்பட்டுப் படுத்தேன்?" என்றாள் செண்பகவல்லி. மூன்று வருஷத்து அழுகையும் வந்தது, மூக்கும் வந்தது, அழுதாள், அழுதாள், இசக்கியக்கா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை நீட்டுகிற வரைக்கும் அழுதாள்.

"சரி, மூக்கச் சிந்து. சீலை போச்சு." இசக்கியக்கா யோசித்தாள். அவள் ஒன்றும் பரோபகாரி இல்லை, அவளுக்கு அவள் கட்டில் வேண்டும். "நீ பாஸாகி இங்கேருந்து ஒழிஞ்சாத்தான் எனக்கு எடம். அதனால நீ பரீட்சை எழுதணும். எழுதுவியா?"

"வருகை இல்லையே அக்கா."

"அந்தக் குணசீலன் இருக்கானா அறையில?"

குணசீலன் சார் மாணவனாக இருந்தபோது முதல் தடவை ஃபெயிலாகி, இரண்டாம் தடவை இசக்கியக்காவுக்கு முந்தைய காலத்து இதய கேஸின் தயவில் பாஸானவர் என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே கேட்டது கொஞ்சம்தான். "ஐயா, மண்ணீரல், கழலை, கல்லீரல், நான், எல்லாரும் வாரோம். அந்தப் பிள்ள பரீட்சை எழுதுனா வாரோம். இல்லன்னா வெளியூர்லேருந்து வார பெரிய டாக்டருக்கு நீங்களே படுத்துக் காட்டுங்க." பதினைந்தே நிமிஷத்தில் கிளார்க்குக்கு உத்தரவு போனது: வார்டில் படுத்திருந்ததும் வார்டில் இருந்ததாகவே கொள்ளப்படும். கிளார்க் சிவப்பு மையால் மூன்று வருஷத்துக்கும் கை வலிக்க வலிக்க பிரசன்ட் போட்டார், முடிக்க இரண்டு நாள் ஆனது. நோயாளிப் பதிவேட்டை யாரும் தொடவில்லை. அந்த நோட்டில் அவள் பேர் இருந்தபடியே இருந்தது.

பரீட்சை அன்றைக்கு வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்தவர் டாக்டர் தெய்வானை, ஒல்லியான அம்மாள், பத்துப் பேரில் ஏழு பேரை ஃபெயிலாக்கிவிட்டுத்தான் மதியச் சாப்பாடு சாப்பிடுவார் என்று பேர். எந்த மாணவருக்கு எந்த நோயாளி என்று டப்பாவுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். செண்பகவல்லி கைவிட்டு எடுத்தாள். பதினொன்று என்று இருந்தது. கிளார்க் பதிவேட்டைப் பார்த்து எல்லாக் கட்டிலுக்கும் சீட்டு எழுதியிருக்கிறார், பதிவேட்டில் அந்தக் கட்டிலில் நோயாளி இருக்கிறாள், அவர் என்ன செய்வார் பாவம். சீட்டை மாற்றலாமா என்று குணசீலன் சார் கேட்டார். எடுத்த சீட்டு எடுத்ததுதான் என்றார் தெய்வானை.

நோயாளியோடு ஒரு மணி நேரம் இருந்து விசாரித்து எழுத வேண்டும், அதுதான் விதி. செண்பகவல்லி வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். படிவத்தின் முதல் வரி, பெயர். அடுத்தது வயது. அடுத்தது, நோயாளியின் முக்கியத் தொந்தரவு, அவருடைய சொந்த வார்த்தைகளில். பேனா அங்கே நின்றுவிட்டது. எத்தனை பேர் வந்து எத்தனை தடவை தொட்டிருப்பார்கள், இந்த வரியை யாருமே நிரப்பியதில்லை, பக்க எண்தான் முன்கூட்டியே தெரியுமே. அவள் வெறும் தலையணையைப் பார்த்துக் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு என்ன செய்யுது?"

கேட்டுவிட்டு எழுந்து போய்க் கட்டிலில் படுத்துப் பதில் சொன்னாள். பிறகு எழுந்து ஸ்டூலுக்கு வந்து எழுதினாள். மறுபடி கேட்டாள், மறுபடி போய்ப் படுத்தாள். அடுத்த கட்டிலில் புது ஜாக்கெட்டோடு படுத்திருந்த இசக்கியக்கா, "அலையாதட்டி, படுத்துக்கிட்டே எழுது, யாரு கேக்கப் போறா" என்றாள். செண்பகவல்லி அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரமும் போய்ப்போய் வந்தாள், தாள் நிறைந்து பின்பக்கமும் நிறைந்தது.

தெய்வானை வந்து நின்றார், பின்னால் குணசீலன் சார். "பேஷண்ட் எங்கே?"

"நான்தான் மேடம்."

"கேண்டிடேட்?"

"அதுவும் நான்தான் மேடம்."

"சரி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசாதீங்க. சொல்லு."

செண்பகவல்லி தாளைப் பார்த்து வாசித்தாள். "நோயாளி சொல்வது: மூணு வருஷமா எல்லாரும் என்னத் தொட்டாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. வீட்டுல சொன்னா அம்மா முகம் வாடிப்போகும்னு சொல்லல. நான் டாக்டராகணும்னு எனக்கு ஆசையா, இல்ல ஃப்ளெக்ஸுக்கா ஆசையான்னு மறந்துபோச்சு. எல்லா நோயும் எனக்கு வந்துச்சு, அதுல நான் எங்க இருந்தேன்னு தெரியல. ரொம்பக் களைப்பா இருக்கு. எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லன்னு சொல்லிட்டே இருந்தேன், பொய். எல்லார் மேலயும் கோவம்." வாசித்து முடித்து நிமிர்ந்தாள். ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜெனோவா அழுதுகொண்டிருந்தாள்.

"டயக்னோசிஸ்?"

"படிப்பு, மேடம்."

"அப்படி ஒரு நோயே கிடையாது" என்றார் குணசீலன் சார்.

தெய்வானை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சிகிச்சை?"

"சோறு, தூக்கம். கட்டிலை விட்டு வீட்டுக்கு அனுப்பணும் மேடம், டிஸ்சார்ஜ். ஆனா டிஸ்சார்ஜுக்கு ஒரு டாக்டர் கையெழுத்துப் போடணும்."

எல்லாரும் குணசீலன் சாரைப் பார்த்தார்கள். புத்தகத்தில் இல்லாத நோய்க்குத் தன் முப்பது வருஷ சர்வீஸில் கையெழுத்துப் போட்டதில்லை என்றார் அவர். தெய்வானை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மார்க் ஷீட்டில் ஏதோ எழுதி மடித்தார், பிறகு கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்துச் செண்பகவல்லியிடமே நீட்டினார்.

"நீயே போடு."

"மேடம், ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகும்" என்றார் குணசீலன் சார்.

"பேஷண்ட் ஒரு மாசம் தாங்க மாட்டா. போடும்மா."

செண்பகவல்லி கையெழுத்துப் போட்டாள். பேருக்கு முன்னால் டாக்டர் என்று அவளே எழுதியது அதுதான் முதல் தடவை. அட்மிஷன் பதிவேட்டில் அவள் பேரைக் கோடிழுத்து அடித்தார்கள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவள், இசக்கியக்காவிடம் சொல்லிக்கொள்ள நின்றாள்.

இசக்கியக்கா அடுத்த மாணவனுக்காக ஜாக்கெட்டைச் சரிசெய்து, மூன்று தலையணையை அடுக்கி அதில் சாய்ந்துகொண்டிருந்தாள். "போ பிள்ளே, போயிட்டு இனி இந்தப் பக்கம் படுக்க வராத."

"அக்கா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"மைட்ரல் ஸ்டெனோசிஸ், பிள்ளே. லேசா ஃபிப்ரிலேஷன் வந்திருக்கு, போன வருஷம் இல்ல."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன செய்யுது?"

இசக்கியக்கா அடுக்கின தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாக எத்தனை காது அந்த நெஞ்சில் வைக்கப்பட்டிருக்கும், மாத்திரை என்று ஒருத்தராவது எழுதிக்கொடுத்ததில்லை, ஆபரேஷன் என்று ஒருத்தராவது வாய் திறந்ததில்லை. பூவைக் கட்டி முடிக்க மூணு தடவ நிறுத்த வேண்டியிருக்கு என்றாள். தலையணை இல்லாமல் படுத்து நாலு வருஷம் ஆச்சு என்றாள். குளிக்கத் தண்ணி மோந்து ஊத்துறதுக்குள்ள கண்ணு இருட்டுது பிள்ளே, பயமா இருக்கு என்றாள், சொன்னதும் தானே திடுக்கிட்ட மாதிரி அக்கம்பக்கம் பார்த்தாள்.

செண்பகவல்லி பையை இறக்கவில்லை. தோளில் பை தொங்க, இதய அறுவைப் பிரிவுக்குச் சீட்டு எழுதினாள், பேர், வயது, தொந்தரவு அவளுடைய சொந்த வார்த்தைகளில். "இன்னைக்கு மத்தியானமே இதக் கொண்டு போங்க. ஜெனோவா கூட வருவா. நான் மூணு நாள் தூங்கிட்டு வந்து பாக்கேன்."

இசக்கியக்கா அந்தச் சீட்டை வாங்காமல் வெறித்துப் பார்த்தாள். "ஏட்டி, சரியாக்கிப் போட்டுட்டா அடுத்த பரீட்சைக்கு என்ன யாரு கூப்பிடுவா?"

"ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள் செண்பகவல்லி, சீட்டை மடித்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, நாடி பார்க்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.